சென்னையா, காஞ்சியா?

தறியை விட்டுச் சென்னைக்குக் கூலிவேலை தேடிச் சென்ற நெசவாளர் குடும்பம், காஞ்சிபுரத்துக்கே மீளலாமா என்று எண்ணுவது இயல்பே. இடைத்தொலைவு ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான். எனினும், வாடகை குறைவு என்ற ஒன்றையே கருதிப் புறப்படுதல் கூடாதென்பது நமது கருத்து. வாடகையோடு வருமானமும் குறையலாம்; மக்களின் மேற்படிப்புக்கு மீண்டும் சென்னையையே நாட நேரலாம்.

ஆயின், நகரம் தர இயலாதன சில உண்டு. குழித்தறிக்குத் தரை வேண்டும். மாடிக் குடித்தனத்தில் குழி தோண்ட முடியுமா? பாவை விரித்துக் கஞ்சி போட நீண்ட தெருவும், உடன் கைகொடுக்கும் அண்டை வீட்டாரும் வேண்டும். காஞ்சிப் பட்டு 2005-06ஆம் ஆண்டில் பெற்ற புவிசார் குறியீடும் ஊரைச் சார்ந்ததே. அப்பெயரை மூட்டை கட்டி எடுத்துச் செல்ல இயலாது.

ஆகவே, அங்கத்தினர்களே! வீட்டைக் காலி செய்யுமுன் சங்கத்தை அணுகுங்கள். மாதம் எத்தனை பாவு கிடைக்கும், கூலி எந்நாளில் கைக்கு வரும் என்று கேட்டறியுங்கள். முதலில் ஒருவர் மட்டும் சென்று மூன்று மாதம் நெய்து பார்க்கட்டும். பாவும் கூலியும் தவறாது கிடைக்குமாயின் குடும்பத்தோடு புறப்படுக. இல்லையேல் பொறுத்திருத்தலே நலம்.