இறகை மட்டும் பார்த்தால் போதுமா?

எங்க கூரத்துல ராத்திரி ஏரிக்கரைப் பக்கம் போனா பக்கி சத்தம் கேட்கும். சருகு நிறத்துல தரையோட தரையா உட்கார்ந்திருக்கும். பக்கத்துலயே இருந்தாலும் தெரியாது. பக்கிகள்ல பல வகை உண்டு. பார்க்க எல்லாம் ஒரே அச்சு, குரல்தான் வேற வேற. தென்னிந்தியாவுல இருக்கிற ஜெர்டன் பக்கியை ரொம்ப காலம் நீண்டவால் பக்கியோட ஒரு கிளையாத்தான் வெச்சிருந்தாங்க. முக்கியமா குரலை வெச்சுத்தான் அது தனி இனமாச்சு.

பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்காதீங்க :-) பறவைகளை வகைப்படுத்த இறகு நிறம், அலகு அளவு மட்டும் போதாது, நடத்தையையும் பார்க்கணும்ங்கறது என் கட்சி. ஏன்னா பல சமயம் இனம் பிரியறதே நடத்தையிலதான் ஆரம்பிக்குது. ஆணோட பாட்டைப் பெட்டை கண்டுக்கலைன்னா ஜோடி சேராது. அப்புறம் ரெண்டு கூட்டமும் தனித்தனி வழிதான்.

குளிர்காலத்துல தென்னிந்தியா வரைக்கும் வர்ற பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்கங்க. இமயமலையில இருந்து திபெத் பீடபூமியை ரெண்டு பக்கமும் சுத்தி வடக்கே பரவியிருக்கு. போகப் போக பாட்டு மாறிக்கிட்டே வந்து, சைபீரியாவுல ரெண்டு முனையும் சந்திக்கிற இடத்துல ஒண்ணோட பாட்டை இன்னொண்ணு கண்டுக்கறதே இல்ல. டேரன் இர்வின் குழு 2001-ல் நேச்சர் இதழ்ல இதை எழுதினாங்க. அங்கே கொஞ்சம் கலப்பும் நடந்திருக்குன்னு 2014-ல் மரபணு ஆய்வு காட்டுச்சு. ஆக, மரபணுவும் வேணும், பாட்டும் வேணும்.

"பாட்டு வட்டார வழக்கு மாதிரிதானே? காஞ்சிபுரத்துக்காரர் நெல்லையில பொண்ணு எடுக்கறதில்லையா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. பல பறவைகள் பாட்டைக் கேட்டுத்தான் கத்துக்குது. அதனால பாட்டு வேறன்னு மட்டும் சொல்லிப் பிரிச்சிடக் கூடாது. ஒலிப்பதிவைப் போட்டு, பறவை என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். நம்ம காதுக்கு வேறயா கேட்டா போதாது, அதோட காதுக்கும் வேறயா கேட்கணும்.

இதனால என்ன லாபம்? பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒண்ணு, தெற்கே ஒண்ணுன்னு நீலநிறச் சோலைக்கிளிகள் இருக்கு. ஒரு காலத்துல ரெண்டையும் ஒரே இனமா எண்ணினாங்க. 2017-ல் ராபின் குழு இதுங்களுக்கு ஷோலிகோலான்னு தனிப் பேரினமே கொடுத்தாங்க. நாலு கம்பெனி கணக்கை ஒண்ணா சேர்த்துப் போட்டா நஷ்டத்துல ஓடுற கம்பெனி வெளியே தெரியாது. ரெண்டு இனத்தை ஒண்ணா எண்ணினாலும் அப்படித்தான். ஒண்ணு அழியறது யார் கண்ணுலயும் படாது.

அடுத்த தடவை ராத்திரி பக்கி கத்தினா போன்ல பதிவு பண்ணுங்க. ஊர், தேதி, நேரம் குறிச்சு ஸெனோ-கான்டோ தளத்துல போட்டுடுங்க. யாருக்காவது உதவும்.