முயல் வாங்குமுன் கட்டவேண்டியது

வீட்டில் செல்லப் பிராணியாக முயல் வளர்க்கும் வழக்கம் நமது நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் காணப்படுகிறது. சந்தையிலோ கடையிலோ ஒரு ஜோடி வெண்முயல்களையும், அவற்றுடன் ஒரு சிறு கம்பிக் கூண்டையும் வாங்கிவந்து தாழ்வாரத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று அநேகர் எண்ணுகின்றனர். சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு பிற்பகல் அம்முயல்கள் வாயைத் திறந்து இரைத்தபடி சாய்ந்து கிடக்கக் கண்டு, நோய் வந்துவிட்டதென்று மருந்து தேடுகின்றனர். பெரும்பாலும் அது தொற்று நோயன்று, இருப்பிடத்தின் குற்றமே. முயலின் கூட்டையும் அதனோடு சேர்ந்த ஓடுமுற்றத்தையும் கட்டி முடித்த பின்னரே முயலை வாங்கவேண்டும், கட்ட இயலாதவர் அதை வாங்கலாகாது என்பது எமது துணிபு.

வீட்டு முயலும் நமது புன்செய்க் காடுகளில் ஓடும் முயலும் ஒன்றல்ல. காட்டு முயல் புதரடியில் படுக்கும், வளை தோண்டாது, அதன் குட்டி ரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் நிலத்தை ஆழத் தோண்டி, பகலின் வெப்பத்தை வளைக்குள் கழித்து, அந்தியிலும் விடியலிலும் வெளிவந்து புல் மேய்ந்தவை. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது; உடம்பின் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றும். 15 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வரை அதற்குச் சுகமான சீதோஷ்ணம். 30 டிகிரியைத் தாண்டினால் வருந்தத் தொடங்கும். வேலூர், திருச்சி போன்ற ஊர்களிலோ கோடையில் 40 டிகிரியும் ஏறுகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் முயல்கள் செழிப்பாக வளர்வதைப் பார்த்துவிட்டு, அவ்வாறே சமவெளியிலும் வளர்க்கலாம் என்று சிலர் நினைக்கின்றனர். அந்த இடம் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே சமவெளியில் கூடு கட்டுவோரின் முதற்கவலை நிழலாயிருத்தல் வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்களில் காணும் கூடுகள் குளிருக்கு அஞ்சி மூன்று பக்கமும் பலகையால் அடைக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துச் செய்த பெட்டி இங்கே அடுப்பாக முடியும். புங்கமரம் அல்லது வேப்பமரத்து நிழலில், நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையும்படி கூட்டை நிறுத்தினால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். கூரைக்குப் பனையோலையும் தென்னங்கீற்றும் சிலாக்கியமானவை. தகரம் கூடவே கூடாது. வேறு வழியில்லாதவர் அதன்மேல் கனமாகக் கீற்று வேய்ந்துகொள்ளட்டும். இறவாரம் இரண்டடியாவது வெளியே நீண்டிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரல் உள்ளே அடிக்காது. வடகிழக்கு மூலையை மட்டும் பலகையால் மறைத்துவிட்டு, மற்றப் பக்கங்களில் காற்று தாராளமாகப் புகும்படி வலை அடிக்கலாம். பயந்தபோது ஒளிந்துகொள்ள உள்ளே ஓர் இருட்டறையும் வேண்டும்.

கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்களின்மேல் நிறுத்தி, கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்களை வைப்பது நல்லது. சாய்பலகையின் அடிமுனை தரையைத் தொடுவதால் அதையும் ஒரு தண்ணீர்த் தட்டில் ஊன்றவேண்டும். கூட்டின் அடித்தளத்தைக் கம்பி வலையாகவே விட்டுவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. முயலின் பாதத்தில் நாய் பூனைக்குள்ளதுபோல் மெத்தைச் சதை இல்லை. ரோமம் மட்டுமே உண்டு. இரவும் பகலும் கம்பியின்மேல் நிற்கும் முயலுக்குப் பின்னங்கால் புண்ணாகும். பலகைத் தளமிட்டு உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் அகற்றவேண்டும்.

ஓடுமுற்றத்தை வீண் செலவென்று கருதுவோரே அதிகம். பிரிட்டனில் முயல் நலத்தைப் பேணும் சங்கத்தார் இரண்டு முயல்களுக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர் நீளமும், 2 மீட்டர் அகலமும், 1 மீட்டர் உயரமும் கொண்ட இடம் வேண்டுமென்கின்றனர். அதாவது ஏறக்குறைய பத்தடிக்கு ஆறரை அடி. முயல் தாவி ஓடுவதற்கும் பின்னங்காலை ஊன்றி நிமிர்ந்து பார்ப்பதற்கும் இவ்வளவேனும் தேவை. உயரத்தை மட்டும் ஆறடியாக வைத்துக்கொள்ளும்படி யாம் சிபாரிசு செய்வோம். குனிந்து நுழையவேண்டிய முற்றம் நாளடைவில் பெருக்கப்படாத முற்றமாகிவிடும். ஈரமும் புழுக்கையும் சேர்ந்த தரையிலிருந்துதான் கழிச்சல் நோய் பரவுகிறது. மண்ணை அரையடி மேடாக்கி மணல் கலந்துவிட்டால் தண்ணீர் தேங்காது. பெருக்கிய புழுக்கை காய்கறிப் பாத்திக்கு நேர்த்தியான எரு. ஒரு பழைய மண்தாழியை முற்றத்தின் நிழல் மூலையில் படுக்கவைத்துப் பாதியளவு புதைத்து, சுற்றியுள்ள மணலைக் கோடையில் ஈரமாக வைத்திருந்தால் முயல்கள் நடுப்பகலில் அதற்குள்ளேயே படுத்திருக்கும். மூதாதையரின் வளைக்கு நாம் தரக்கூடிய ஈடு அதுவே.

கூட்டையும் முற்றத்தையும் இணைக்கும் கதவு இரவிலும் திறந்திருக்கவேண்டும். முயல் ஓடியாட விரும்பும் விடியற்காலம் நாம் உறங்கும் நேரமன்றோ? இரவில் திறந்துவிடுவதானால் முற்றமும் கூட்டைப்போலவே பத்திரமாயிருக்கவேண்டும். கோழி வலை போதாது. அதை முயலே கடித்து அறுக்கும், நாயும் பிய்த்துவிடும். கடைகளில் வெல்டு மெஷ் எனப்படும் அரை அங்குலச் சதுரக்கண் கம்பி வலையைச் சுவர்களுக்கும் மேலேயும் அடித்தால் கீரி, பூனை, பெருச்சாளி, பெரிய பாம்புகள் ஆகியன நுழையா. முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வதால் அது எதையேனும் கொறித்துக்கொண்டேயிருக்கும். ஆகையால் வலையைச் சட்டத்தின் உட்புறமாக அடித்து மரத்தை அதன் வாய்க்கு எட்டாமல் செய்க. சுவர்வலையின் அடியில் ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை உட்புறமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தால் முயல் தோண்டி வெளியேறாது. வெளிப்புறமும் அவ்வாறே புதைத்தால் நாய் தோண்டி உள்ளே வராது. முயலின் தோண்டும் திறமையையும் பெருகும் வேகத்தையும் அற்பமாக எண்ணவேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-ஆம் வருஷம் கட்டி முடித்த முதலாம் முயல் வேலி 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அப்படியும் அங்கே முயல்களைத் தடுக்க முடியவில்லை.

பெருக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முயலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாட்களே. ஈன்ற அன்றே மறுபடியும் சினைப்படவும் கூடும். அளவாகக் கட்டிய முற்றம் ஆறே மாதத்தில் நெருக்கடிச் சிறையாகும். கூடப் பிறந்த இரு பெட்டைகளை வைத்துக்கொள்வது ஒருவகை. ஆணும் பெட்டையுமாயின் ஆணுக்கு மிருக வைத்தியரைக் கொண்டு விதையடித்த பின்னும் சில வாரங்கள் தனியே வைத்திருந்து சேர்க்கவேண்டும். துணையின்றி ஒற்றை முயலை அடைத்து வைப்பதை யாம் ஆதரிக்கவில்லை.

இடமில்லை என்போரின் ஆட்சேபம் நியாயமானதே. மாடி வீட்டுக்காரருக்கு வெளிக்கூடு ஏற்றதன்று. மொட்டைமாடி வெயிலில் முயலை விடுவது கொலைக்கு ஒப்பாகும். பணமில்லை என்போருக்கு விடை வேறு. சவுக்குக் கழியும், பனஞ்சட்டமும், தோட்டத்தில் விழுந்த கீற்றும் கிராமத்தில் மலிவாகக் கிடைப்பவை. விலைகொடுத்து வாங்கவேண்டியது வலையும் ஆணியுமே. வலையில் சிக்கனம் செய்வதைவிட முயல் வாங்காமலிருப்பதே சிக்கனம்.

தை மாதத்தில் அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும்போது கட்டுவது உசிதம். கட்டியவுடன் முயலை வாங்கிவிடாமல், சித்திரையில் ஒரு வாரம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டினுள்ளும் தாழியினுள்ளும் உஷ்ணமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வெளியில் மரநிழலில் உள்ளதைவிடக் கூட்டினுள் சூடு மிகுந்தால் கூரையைத் திருத்துங்கள். ஈரமணல் சூழ்ந்த தாழிக்குள்ளும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காவிடின் கோடையில் முயல்களை வீட்டின் குளிர்ந்த அறையில் வைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் வைக்கோல் நனைகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறிய கூட்டுக்கு மார்கழியில் முயலைக் கொண்டுவரலாம். ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னால் வீட்டுக் குழந்தைகள் முணுமுணுப்பார்கள். அதற்குள் முற்றத்தின் ஓரத்தில் அவர்களைக் கொண்டே அருகம்புல் பாத்தி ஒன்று போட்டு வைக்கலாம். வளர்ந்த முயலுக்குத் தினசரி ஆகாரத்தில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கவேண்டும்.