கதிரைக்கு ஏற்ற முதுகு எங்கே விற்கிறது?

சில மாதங்களுக்கு முன்னர் என் தங்கையின் மகன் ஒரு கதிரை வாங்கினான். கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். தோள்மட்டத்தில் இருபுறமும் சிறகுகள். தலைக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை. கனடாவிலிருக்கும் அவனது பெரியப்பா அனுப்பிய பணம் பாதி, மீதி தவணை. வீட்டுக்குள் அது வந்து இறங்கிய அன்று அயலவர் எல்லோரும் வந்து பார்த்துப் போனார்கள். சாமத்தியச் சடங்குக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

“மாமா, இது கேமிங் கதிரை. உங்கட ஒபிஸ் கதிரை மாதிரி இல்ல” என்றான் பெருமையாக.

நான்கு மாதம் கழிந்தது. இப்போது அவன் வைத்தியசாலையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு வாரம் ஒருமுறை போய்வருகிறான். வயது இருபத்து நான்கு. இரவில் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் காணொளி தொகுத்துக் கொடுத்து உழைப்பவன். அந்த முதுகுதான் அவனுடைய முதலீடு. அதைக் காப்பாற்றத்தான் கதிரை வாங்கினான். கதிரை அதைக் காப்பாற்றவில்லை.

இதை எழுதத் தூண்டியது அவனுடைய வலி மட்டுமன்று. முப்பது ஆண்டுகளாகச் செய்தி மேசையில் குந்தியிருந்து என் முதுகையும் இழந்தவன் நான். ஆகவே இந்த விடயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் ஒரு கேள்வி. இந்தக் கதிரைகளுக்கு அந்தச் சிறகுகள் எதற்கு? பந்தயக் கார் ஒன்று கடுகதியில் வளைவெடுக்கும்போது சாரதியின் உடல் பக்கவாட்டில் வீசப்படும். அதைப் பிடித்து வைப்பதற்காக ஆசனத்தின் ஓரங்களை உயர்த்தினார்கள். தலைமாட்டில் தெரியும் இரண்டு துளைகள் தோள்பட்டிகளை நுழைப்பதற்கானவை. கார் ஆசனங்கள் செய்துகொண்டிருந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006ஆம் ஆண்டளவில் அந்த ஆசனத்துக்குச் சில்லுப் பூட்டிக் கணினி விளையாட்டுக்காரரிடம் விற்றது. சந்தை பிடித்துக்கொண்டது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கல்லடியில் ஓர் அறைக்குள் மேசைக்கு முன்னால் இருப்பவன் எந்த வளைவில் திரும்பப் போகிறான்? அவனை எந்தப் பட்டியால் கட்டப் போகிறார்கள்? அகன்ற தோளுடையவனுக்கு அந்தச் சிறகுகள் தோளை முன்னோக்கித் தள்ளும். ஒரு வேலைக்காக உருவான வடிவத்தை, அந்த வேலையே இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்து, அதற்கு ‘சொகுசு’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இது மாறுவேடம்; சொகுசு அன்று.

இரண்டாவது, அந்தத் தோல். அது தோலன்று, பொலியூரித்தேன் பூசிய துணி. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதையும்; பின்னர் செதில் செதிலாக உரியும். வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த நம் ஊரில் இந்த இரண்டுக்கும் என்ன பஞ்சம்? காற்றுப் புகாத அந்த உறைமேல் சித்திரை மாதத்தில் ஒருமணி நேரம் இருந்து எழும்புகிறவனின் சட்டையைப் பிழிந்தால் ஒரு சிரட்டை நீர் வரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரத்தை வெட்டினார்களே, அப்போது நாமெல்லாம் எதில் இருந்தோம்? விறாந்தையில் கிடந்த பழைய பிரம்புக் கதிரைகளைத் தேடித்தான் ஓடினோம்.

பிரம்புப் பின்னலின் பெருமை இதுதான். அது உடலின் பாரத்துக்கு இசைந்து கொடுக்கும். காற்றை உள்ளே விடும். வியன்னாவின் தோனெற் நிறுவனம் 1859இல் வெளியிட்டு உலகெங்கும் விற்ற வளைமரக் கதிரையின் இருக்கையும் பிரம்புப் பின்னலே. 1994இல் அமெரிக்காவின் ஹேர்மன் மில்லர் நிறுவனம் ‘ஏரோன்’ என்ற அலுவலகக் கதிரையை வெளியிட்டபோது, பஞ்சையும் தோலையும் தூக்கியெறிந்துவிட்டு வலைத்துணியை இழுத்துக் கட்டியது. உலகமே வியந்தது. நம் பாட்டன்மார் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

உடனே யாரேனும், “கிழவர் பழம்பெருமை பேசுகிறார்” என்பீர்கள். நிற்க. சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு எவரும் தட்டச்சுச் செய்ய முடியாது, அது ஓய்வுக்கானது. உயரத்தைக் கூட்டிக் குறைப்பதும், கைதாங்கியை ஏற்றி இறக்குவதும், முதுகைச் சாய்ப்பதும் புதிய கதிரைகள் தந்த நல்ல வசதிகள். கலியாண மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இரவு முழுவதும் இருப்பதைவிட இது மேல்தான். 1960களில் சுவீடனின் அல்ஃப் நாக்கெம்சன் என்ற வைத்தியர், முள்ளந்தண்டின் இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். தாங்கலின்றி நிமிர்ந்து இருப்பதைவிட, சற்றே பின்சாய்ந்து இடுப்புக்குத் தாங்கல் கொடுத்து இருக்கும்போது அழுத்தம் குறைவதைக் கண்டார். பின்வந்தோர் அளவுகளில் வேறுபட்டாலும், சாய்வும் தாங்கலும் வேண்டும் என்பதில் வேறுபடவில்லை. ஆகவே என் சண்டை புதுமையோடு அன்று. அளவு பாராத வாங்குதலோடுதான்.

அளவு என்றதும் என் தகப்பனாரின் கதிரை நினைவுக்கு வருகிறது. அதைச் செய்து தந்தவர் ஒரு பறங்கித் தச்சர். ‘கதிரை’ என்ற சொல்லையே போர்த்துக்கேயர்தாம் நமக்குக் கொடுத்தார்கள். 1628இல் அவர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பறித்தார்கள். கோட்டை கைமாறியும் சொல் நம்மிடம் தங்கிவிட்டது. அந்தப் பறங்கியர் வழிவந்தோர் மட்டக்களப்பில் தச்சும் இரும்பு வேலையும் தலைமுறைத் தொழிலாகச் செய்து வந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி டச்பாரில் இருந்த அவர்களின் குடியிருப்பைக் கடல் விழுங்கியது. உயிர்களும் போயின, பட்டறைகளும் போயின.

அந்தத் தச்சர் மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் தகப்பனாரை ஒரு பெட்டிமேல் இருத்தினார். நூலொன்றை எடுத்து, குதிக்காலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தார். பிறகு இடுப்பிலிருந்து முழங்கால் வரை. பிறகு மடக்கிய முழங்கையின் உயரம். நூலில் முடிச்சுகள் விழுந்தன. முதிரைமரமா தேக்கா, பூவேலைப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பின்னர்தான். அந்தக் கதிரை இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது.

இன்று முறை தலைகீழ். நிறத்தைப் பார்க்கிறோம், விளம்பரத்தைப் பார்க்கிறோம், யூடியூப்பில் எவன் எதில் இருக்கிறான் என்று பார்க்கிறோம். இருந்து பார்ப்பதில்லை. என் மருமகனின் உயரம் ஐந்தடி நான்கங்குலம். அந்தக் கதிரையை எவ்வளவு தாழ்த்தினாலும் அவனுடைய குதிக்கால் தரையில் படியாது. தொடையின் கீழ்ப்பக்கம் அழுந்தும். அதைத் தவிர்க்க முன்னுக்கு நகர்ந்து இருப்பான். முதுகுக்கும் தாங்கலுக்கும் இடையில் ஒரு சாண் வெளி. விலையுயர்ந்த இடுப்புத் தலையணை வெறும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கதிரையைப் பார்த்து மயங்குவது நமக்குப் புதிதன்று என்பீர்கள். 1994இல் பொதுஜன ஐக்கிய முன்னணி கதிரைச் சின்னத்தில்தான் ஆட்சிக்கு வந்தது. அந்தக் கதை வேறு.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சுருக்கமானது. கடையில் இருபது நிமிடமாவது இருந்து பாருங்கள். பாதம் முழுதாகத் தரையில் படியட்டும். இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையட்டும். தோளை உயர்த்தாமல் முழங்கை கைதாங்கியில் தங்கட்டும். தாங்கல் இடுப்பின் குழிவில் முட்டட்டும். துணியோ வலையோ, காற்றுப் போகட்டும். இவ்வளவும் சரியென்றால், பிறகு சிவப்பா நீலமா என்று ஆசைப்படுங்கள். எவ்வளவு நல்ல கதிரையானாலும் அரைமணிக்கொரு தடவை எழும்பி நடவுங்கள்.

இந்த அளவுகளைச் சரிபார்க்க அவனையும் அழைத்துக்கொண்டு, கதிரை வாங்கிய கடைக்கு நாடாவுடன் போனேன். எங்களைக் கவனித்தது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. கதிரையின் சிறப்புகளை மனனம் செய்து ஒப்புவித்தது. “இதில முதுகு நோகவே நோகாது, சேர்.” நாற்பது கதிரைகள் நிறைந்த அந்தக் காட்சியறையில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து நிற்பதாகவும், விற்பனைக்குரிய கதிரையில் இருக்கக் கூடாதென்றும், தங்களுக்கென்று வேறு கதிரை இல்லையென்றும் மெல்லிய குரலில் சொன்னது.

கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018இல் கேரளம், கடை ஊழியர் இருப்பதற்கான உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. இருபத்தோராம் நூற்றாண்டில், ஒரு மனுசி இருப்பதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது!

நூல் பிடித்து அளந்த அந்தத் தச்சர் கேட்ட முதற்கேள்வி, “யார் இருக்கப் போறது?” என்பதுதான். வாங்குகிறவனிடமும் அந்தக் கேள்வி இல்லை, விற்கிறவனிடமும் இல்லை. என் மருமகன் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அந்தப் பிள்ளை காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றது. கதிரைகள் மட்டும் நன்றாகவே இருந்தன.