பரீட்சைக் காலத்துத் தும்மல்



வைகாசி பிறந்தால் ஊரிலே எமக்கு வெயிலும் வியர்க்குருவும்தான். இங்கே லண்டனில் எமது வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது தும்மல் மாதம்.

இரண்டு வருடங்களுக்கு முன் எமது மூத்த மகனுக்கு ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை. புத்தகத்தை விரித்தால் கண்ணைக் கசக்குவான். அடுக்கடுக்காகத் தும்முவான். இரவில் மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவான். தடிமன் என்று நினைத்துக் கோடாலித் தைலம் பூசினோம், ஆவி பிடிக்கச் செய்தோம். குறையவில்லை. ஊரிலே பழகிய பிரிட்டோன் குளிசையைக் காலையும் இரவும் கொடுத்தோம். தும்மல் குறைந்தது. ஆனால் பிள்ளை மேசையிலேயே தூங்கி விழுந்தான். “படிக்கக் கள்ளம்” என்று ஏசினோம். அந்த நித்திரையைக் கொடுத்ததே நாம்தான் என்பது அப்போது எமக்குத் தெரியாது. மாசியில் எழுதிய மாதிரிப் பரீட்சையை விட விஞ்ஞானத்தில் ஒரு தரம் இறங்கினான்.

பிறகுதான் பாமசியில் விளக்கம் கிடைத்தது. இது தடிமன் அல்ல, ‘ஹே பீவர்’. பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சுடாது. மே நடுப்பகுதியிலிருந்து யூலை வரை காற்றில் பறக்கும் புல்லின் மகரந்தம் மூக்கிலும் கண்ணிலும் படுவதால் வரும் ஒவ்வாமை இது. தடிமன் ஒரு கிழமையில் போய்விடும், இது வாரக்கணக்கில் நிற்கும். கண்கடியும் சேர்ந்திருக்கும். ஊரிலே இல்லாத வருத்தம் இங்கு வந்து சில கோடைகள் கழிந்த பின்னும் தொடங்கலாம்.

இந்நாட்டுப் பரீட்சைகளும் அதே மாதங்களில்தான் வருகின்றன. 15 முதல் 17 வயதுவரையான 1,834 மாணவர்களை ஆராய்ந்து 2007இல் ஓர் அறிக்கை வெளியானது. பரீட்சை நாட்களில் இந்த வருத்தம் இருந்தவர்களுக்கு, மாதிரிப் பரீட்சையை விட ஒரு தரம் இறங்கும் வாய்ப்பு மற்றவர்களிலும் 40 வீதம் கூட இருந்தது. நித்திரை தரும் குளிசை எடுத்தவர்களுக்கோ 70 வீதம் கூட. வாசித்தபோது எமக்கு நெஞ்சு சுட்டது.

ஆகவே உறவுகளே, சில விடயங்களைக் கவனியுங்கள்.

பழகிய குளிசையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். செற்றிரிசின், லொறற்றடின் போன்றவை நித்திரையைக் குறைவாகவே தரும். பிள்ளையின் வயதைச் சொல்லிப் பாமசியில் கேளுங்கள், ஆலோசனைக்குக் காசில்லை. மூக்குக்கு அடிக்கும் மருந்து பலன்தர நாட்கள் எடுக்கும். அதனால் தும்மல் காலத்துக்கு இரண்டு கிழமை முன்பே கேட்டுத் தொடங்குங்கள்.

வெளியே போய் வந்ததும் உடுப்பு மாற்றி முகம் கழுவ வேண்டும், தலையிலும் வார்க்கலாம். தலையணை உறை, படுக்கை விரிப்புகளை வெளியே காயப் போடாதீர்கள்.

பரீட்சையன்று வருத்தம் கடுமையென்றால் பாடசாலைக்கு உடனே அறிவியுங்கள். விசேட கவனிப்புக் கேட்டுப் பரீட்சைச் சபைக்கு விண்ணப்பிக்கப் பாடசாலைக்கு வழியுண்டு. நெஞ்சு இழுத்தாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டு மருந்தோடு நிற்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள்.

வளர்ந்த பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. பந்தடிக்கப் போகாமல் அறைக்குள் இருக்கும், சிநேகிதர் முன் மூக்குச் சீற வெட்கப்படும், எரிந்து விழும். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக் கொள்கிறோம். எமது மகனும் அப்படித்தான் இருந்தான். காரணம் தெரிந்த பிறகு, “ஏசினதுக்குக் கோவிக்காதை அப்பன்” என்று சொன்னோம். “சரி அப்பா, தங்கச்சிக்காவது அந்தக் குளிசையைக் குடுக்காதேங்கோ” என்றான்.

இம்முறை மகளுக்குப் பரீட்சை. சித்திரையிலேயே பாமசிக்குப் போய் வந்துவிட்டோம்.