உல்லாசக் கப்பலின் கீழ்த்தளம்

செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல, கப்பல்தான் புதிது. ஏரிக்கரையில் வாழும் நமக்குத் தெரிந்ததெல்லாம் மீன்பிடிக்கும் சிறு படகு. அதை விட்டால், 2015 டிசம்பரில் ஏரி மதகுகள் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை வீதிகள் முழுகியபோது ஓடிய படகுகள். இப்போது நம் ஊரிலிருந்தும் ஒருவர் உல்லாசக் கப்பலில் போய் வந்திருக்கிறார். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் வாங்கிக் கொடுத்தான். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, திரும்ப சிங்கப்பூர், மூன்று இரவு.

போனவரை நாம் குறை சொல்ல மாட்டோம். முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன் மூன்று நாள் காலை நீட்டி உட்கார்ந்தால் குற்றமா? கடலைப் பார்க்கும் உரிமை சீமான்களுக்கு மட்டும் எழுதி வைத்ததா? ஓய்வு வேண்டும் என்பதுதானே நமது நீண்ட நாளைய கோரிக்கை!

நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, சூதாட்ட அறை, நள்ளிரவிலும் சாப்பாடு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இஞ்சினைப் பார்க்க ஆசைப்பட்டாராம், விடவில்லை. பிட்டருக்கு அதுதான் பெரிய குறை. ஆனால் இஞ்சினைவிட முக்கியமான ஒன்றைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்துவிட்டார்.

தட்டு எடுக்க வந்த பையன் தமிழில் பேசினான். மன்னார்குடிப் பக்கம். அப்பா விவசாயக் கூலி.

"தம்பி, லீவு எப்போ?"

"ஒப்பந்தம் முடிஞ்சாத்தாங்க ஐயா. எட்டு மாசம்."

"வாரத்துக்கு ஒரு நாள்?"

பையன் சிரித்தானாம். காலையில் ஒரு ஷிப்டு, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. கூட்டினால் பதினொரு மணி நேரம். படுக்கை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இன்னொருவனோடு.

இது ஒரு கப்பலின் கதையல்ல. உல்லாசக் கப்பல் தொழிலில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை வார விடுமுறையின்றி உழைப்பது வழக்கமான ஒப்பந்தம். இதற்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2006-ல் வகுத்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே அடிப்படை என்று அதில் எழுதியிருக்கிறது. பேஷ்! மேலே படியுங்கள். ஒரு நாளில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அல்லது, ஒரு நாளில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு கொடுத்தால் போதும் என்றும் ஒரு நாடு சட்டம் செய்துகொள்ளலாம். வாரத்துக்கு 168 மணி. 77-ஐக் கழித்தால் மிச்சம் 91! எட்டு மணி நேரம் எங்கே போயிற்று?

கம்பெனியின் அலுவலகம் மியாமியில். கொடி பனாமாவிலோ பஹாமாஸிலோ. தொழிலாளி இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பிடிக்கப்பட்டவன். கப்பலில் எந்தக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். வரி எங்கே குறைவு, கேள்வி கேட்பார் எங்கே இல்லை என்று பார்த்துக் கொடியேற்றும் வித்தை இது.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஞாயிறு விடுமுறை பெற்றார்கள். அவர்களுக்குத் துணை நின்ற வ.உ.சிதம்பரம் பிள்ளைதான் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். கரையில் அன்று கிடைத்த ஞாயிறு கடலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பினாங்குக்குத் தமிழன் போவதும் புதிதா என்ன? 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆயிரக்கணக்கான கூலிகளை ஏற்றிக்கொண்டு அதே கடலில்தான் போயிற்று. அன்று நம்மவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். இன்று கீழ்த்தளத்தில் படுக்கிறார்கள்.

ஆபத்து வந்தால் என்ன ஆகும் என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் கொரோனா பரவியது. மொத்தம் 3,711 பேர். பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். சரி, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது யார்? ஊழியர்கள்தான், ஒரே அறையை இருவரும் மூவருமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டு. 700 பேருக்கு மேல் நோய் கண்டது. அக்கப்பலில் இருந்த இந்தியர் 138 பேர். அவர்களில் பயணிகள் ஆறே பேர். மற்ற 132 பேரும் வேலைக்காரர்கள்!

கடல் விவகாரம் நமக்கெதற்கு என்று ஆலைத் தோழர்கள் எண்ண வேண்டாம். 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்த பிறகுதான் மே தினத்தன்று அது வாபஸாயிற்று. கப்பல் சட்டம் கரையேறப் பார்க்கிறது என்பது இதுதான்.

ஒரு காரியம் உடனே கவனிக்க வேண்டியது. பிட்டர் வந்து சொன்னதைக் கேட்டு நம் தெருப் பையன்கள் சிலர் கப்பல் வேலைக்கு ஏஜெண்டைத் தேடுகிறார்கள். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஆட்களும் உண்டு. அதே உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், வைத்தியச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனுடையது. ஆள் சேர்க்கும் கம்பெனிக்கு மத்திய கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். ஆகவே நகையை அடகு வைக்கும் முன்பு உரிம எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்: எத்தனை மாதம், எத்தனை மணி, மிகைநேரத்துக்கு என்ன கூலி, திரும்பி வரும் செலவு யாருடையது? படிக்கத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.