‘போதும்’ என்னாத ஒரு சொல்

ஜீவனஹள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி, ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், சென்ற வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். “மாமா, ‘இன்சேஷியபிள்’ என்றால் தமிழில் என்ன?” என்றாள். யோசிக்காமல் “பேராசை” என்றேன். “பாடத்தில் ‘இன்சேஷியபிள் கியூரியாசிட்டி’ என்று வருகிறதே, அறிந்துகொள்ளும் ஆவலும் பேராசைதானா?” என்று மடக்கினாள். எனக்குப் பதில் வரவில்லை.

அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் ‘சாட்டிஸ்’ என்றால் போதும் என்று பொருளாம். எவ்வளவு கிடைத்தாலும் ‘போதும்’ என்னாத நிலைதான் இந்தச் சொல். அது பணத்தின் மீதும் இருக்கலாம், படிப்பின் மீதும் இருக்கலாம். ‘பேராசை’யிலோ பழி முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேரான தமிழ் நம் வாயிலேயே புழங்குகிறது. வயிறார, மனமார, கண்ணார என்கிறோமே, அந்த ‘ஆர்தல்’ என்பது நிறைதல். நிறையாதது ஆராதது. அவாவறுத்தல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (370) வள்ளுவர் அவாவுக்குத் தரும் அடைமொழியும் ‘ஆரா’ என்பதே.

ஒரு சொல்லுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். 2019 ஜூனில் சிவாஜி நகரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் முடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டபோது, ‘பேராசை பெருநஷ்டம்’ என்று சுலபமாகச் சொன்னவர்கள் நம்மில் பலர். மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் பணம் போட்டவரின் ஆசைக்கு ஓர் அளவு உண்டு. அது நிறைவேறினால் ‘போதும்’ என்றிருப்பார். புதியவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபமாகக் கொடுக்கும் மோசடித் திட்டங்கள்தாம் என்றும் ஆராதவை. பணவரவு நின்றால் அன்றே விழுந்துவிடும். ஏமாந்தவரையும் ஏமாற்றுபவரையும் ஒரே சொல்லால் அடிப்பது நியாயமல்ல.

பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் பேசி வளரும் ஊர் இது. தமிழுக்கு அவர்களுக்கு வீடுதான் பள்ளிக்கூடம். அங்கே நாமே எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், தமிழில் அவ்வளவுதான் உண்டு என்று நினைத்துவிடுவார்கள்.

மறுநாள் அவளை அழைத்து, ‘ஆராத ஆவல்’ என்று எழுதச் சொன்னேன். “இன்னும் இதுபோல என்னென்ன சொல் இருக்கிறது, மாமா?” என்று கேட்டாள். அந்த ஆசைக்குப் ‘போதும்’ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.