மரத்தடியில் உதிரும் தூள்



போன மாதம் அரும்பாவூருக்குப் போயிருந்தேன். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பட்டறையில் மூத்த சிற்பி ஒருவர் வாகைக் கட்டை ஒன்றை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். உளியும் கொட்டாப்புளியும் பக்கத்திலேயே இருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. கட்டையை நகர்த்திவிட்டு, அது கிடந்த தரையைக் கையால் தடவினார். விரல் நுனியில் மாவு போலக் கொஞ்சம் தூள் ஒட்டியது. “இது ஆகாதுங்க, உள்ள வண்டு இருக்கு” என்று கட்டையை ஒதுக்கிப் போட்டார். எனக்குக் கட்டையின் மேல் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று தேநீருக்கு அவருடைய அண்ணனும் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பேச்சோடு பேச்சாகத் தன் கதையைச் சொன்னார். “ஒருநாள் ஒண்ணுக்குப் போனப்ப ரத்தமா வந்துச்சு தம்பி. வலி, எரிச்சல் ஒண்ணுமில்ல. வண்டிச் சூடுன்னு நெனச்சு இளநீ குடிச்சேன். மறுநாள் நின்னுபோச்சு. எட்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தப்பதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.” சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கத் திருச்சிக்குப் போய்வருகிறார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “ஒண்ணுக்க வெச்சே ஜீன் பார்த்துக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் வந்திருக்காமே, நெசமா?”

நிஜம்தான், ஐயா. அந்தப் பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ளவே இந்த மாதப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

சிறுநீரைப் பார்த்து உடம்பைப் படிப்பது நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்றே பரிசோதனைகள் உண்டு. தேரையர் பெயரால் அவை வழங்கிவருகின்றன. சிறுநீரின் நிறமும் மணமும் நுரையும் பார்ப்பது முன்னது. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது பின்னது. நவீன மருத்துவத்தில் 1945ல் பாப்பனிகொலாவும் மார்ஷலும் சிறுநீரில் உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார்கள். கருப்பைவாய்ப் புற்றுக்குப் ‘பாப் டெஸ்ட்’ தந்த அதே பாப்பனிகொலாதான்.

சிறுநீரகத்தின் உட்குழியிலிருந்து சிறுநீர்க் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பை வரை ஒரே வகை உட்சவ்வு ஓடுகிறது. அதன் செல்கள் உதிர்ந்து நீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். உள்ளே புற்று இருந்தால் அதன் செல்களும் உதிரும். சிற்பி தரையில் தடவி எடுத்த தூளைப் போலத்தான். சிக்கல் என்னவென்றால், வீரியம் குறைந்த கட்டிகளின் செல்கள் நல்ல செல்களைப் போலவே இருப்பதால் நுண்ணோக்கியை ஏமாற்றிவிடும். தோற்றம் ஏமாற்றினாலும் உள்ளே மரபணுவில் எழுத்து மாறியிருக்கும். புதிய சோதனைகள் அந்த எழுத்துப் பிழையைத்தான் தேடுகின்றன.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மனிதரின் கதை. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஹூபர்ட் ஹம்ப்ரிக்கு 1967ல் சிறுநீரில் ரத்தம் வந்தது. மருத்துவர்கள் செல்களைப் பார்த்தார்கள். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. மறு வருடம் அவர் அதிபர் தேர்தலில் நின்று நிக்சனிடம் தோற்றார். 1976ல் சிறுநீர்ப்பையில் முற்றிய புற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1978 ஜனவரியில் இறந்துபோனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பிற்பாடு, பத்திரமாக இருந்த அந்த 1967ஆம் வருடச் சிறுநீர் மாதிரியை எடுத்துப் பார்த்தார்கள். 1976ல் வெட்டியெடுத்த கட்டியில் ‘பி53’ என்னும் மரபணுவில் என்ன பிழை இருந்ததோ, அதே பிழை ஒன்பது வருடம் முந்தைய மாதிரியிலும் இருந்தது. 1994ல் இது வெளியானது. தூள் உதிர்ந்திருக்கிறது, அதைப் படிக்கும் வித்தைதான் அன்றைக்கு இல்லை.

இன்று இருக்கிறது. ‘ஃபிஷ்’ என்னும் சோதனை, 3, 7, 17ஆம் குரோமோசோம்கள் கூடுதலாக இருக்கின்றனவா, 9ஆவதில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கிறது. நோயாளிகளைக் கண்காணிக்க 2001லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரில் மரபணுப் பிழைகளைத் தேடும் ‘யூரோசீக்’ முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2018ல் வெளியிட்டது. வீரியம் குறைந்த சிறுநீர்ப்பைக் கட்டிகளில் நுண்ணோக்கிச் சோதனையால் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாதபோது, இது 67 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் சேமித்து வைத்திருந்த சிறுநீரில், நோய் தெரிவதற்குப் பத்து வருடம் முன்பே சிலருக்கு ‘டெர்ட்’ மரபணுவின் பிழை இருந்ததை 2020ல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் பின்னால் நோய் வந்தவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களிடம்தான் அது அகப்பட்டது.

அதனால்தான் அந்த லாரிக்காரப் பெரியவரிடம், “குழாய் சோதனையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்” என்று சொன்னேன். இந்த நோய் போன பிறகும் திரும்பத் திரும்ப வரக்கூடியது. மரபணுச் சோதனை மருத்துவருக்கு இன்னொரு கண். சிலருக்குக் குழாய் விடும் தடவைகளை அது குறைக்கலாம். அதைச் சிறுநீரியல் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் விளம்பரத்தைப் பார்த்துக் காசு கட்டி இதைச் செய்துகொள்ள வேண்டாம். இல்லாத பயத்தையோ பொய்யான தைரியத்தையோ அது தந்துவிடக்கூடும்.

இப்படிப்பட்ட புற்றுக்குக் காரணமாகும் நம் பக்கத்துச் செடி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் வளரும் ஆடுதீண்டாப்பாளையை ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். பாம்புக்கடிக்கு மருந்து என்று சொல்லப்படும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம். இவற்றில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீரகக் குழியிலும் சிறுநீர்க் குழாயிலும் புற்றை உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் இளைக்க இந்தக் குடும்பத்து மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது 1993ல் வெளிவந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த மூலிகைகளைப் புற்று உண்டாக்குபவை என்று 2002ல் அறிவித்தது. இந்த அமிலம் மரபணுவில் ‘ஏ’ எழுத்து இருந்த இடத்தில் ‘டி’ எழுத்தைப் போட்டுத் தனித் தழும்பு விட்டுப் போகும். இந்த மூலிகைகள் அதிகம் புழங்கிய தைவானில், இவ்வகைப் புற்று வந்த 56 பேரின் சிறுநீரை யூரோசீக் பார்த்தபோது 75 சதவீதத்தினரிடம் பிழை தெரிந்தது. ஆடு தீண்டாததை நாமும் அரைத்துக் குடிக்க வேண்டாம். வண்ணத்துப்பூச்சிகள் அதில் முட்டையிடட்டும்.

இதைவிடப் பெரிய காரணம் பீடியும் சிகரெட்டும். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையிலைதான் காரணம். புகையின் நஞ்சைச் சிறுநீரகம் வடிகட்டிப் பைக்கு அனுப்ப, அது மணிக்கணக்கில் அங்கேயே தேங்கி நிற்கிறது.

ஜீன் டெஸ்டுக்கு முன்னால் ஒரு டெஸ்ட் இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை: உங்கள் கண். சிறுநீர் சிவந்தால் சூடு என்றும் கல்லடைப்பு என்றும் நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பீட்ரூட் சாப்பிட்டாலும் நிறம் மாறும். காசநோய் மாத்திரையாலும் மாறும். ஆனால் வலியில்லாமல் வரும் ரத்தம், ஒரே ஒரு தடவை வந்தாலும், தானாக நின்றாலும், மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பெண்கள் இதை மாதவிலக்கு என்றும் நீர்க்கடுப்பு என்றும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். மருந்து சாப்பிட்டும் மறுபடி ரத்தம் வந்தால், அம்மா, “இன்னும் உள்ளே பாருங்கள்” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதலில் தேவைப்படுவது சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும்தான். அரும்பாவூர்க்காரர்களுக்குப் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. அரியலூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அன்று அரும்பாவூரிலிருந்து கிளம்பும்போது பெரியவரும் பேருந்து நிறுத்தம் வரை வந்தார். டீக்கடையில் நின்ற இரண்டு இளம் டிரைவர்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். நலம் விசாரித்துவிட்டு, பக்கத்தில் பெண்கள் நிற்பதையும் பார்க்காமல் சத்தமாகவே கேட்டார்: “ஒண்ணுக்குப் போறப்ப கலரப் பாக்குறீங்களாடா? ரத்தம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நின்னுபோச்சுன்னு மட்டும் சும்மா இருந்துடாதீங்க.”

பையன்கள் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்